கல்லூரியை வண்டியில் ஏற்றிய கார்வர்

நிலக்கடலையிலிருந்து முந்நூறு வகைப் பொருள்களைச் செய்து காட்டிய அமெரிக்க விஞ்ஞானி. பொது அறிவுப் புத்தகங்களில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றி நாம் படிப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். போட்டித் தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்க அது போதும். அவரை அறிந்துகொள்ள அது போதாது.

அடிமையாகப் பிறந்த பிள்ளை அவர். படிப்புக்காக ஊர் ஊராக அலைந்தார். ஒரு கல்லூரியின் வாசலில் தோல் நிறத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்று, கல்லூரிக்கு வர முடியாத ஏழை உழவர்களிடம் அந்தக் கல்லூரியையே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேளாண்மையைக் கல்வியாகக் கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் என்ற முறையில்தான் நம் பிள்ளைகள் அவரை அறிய வேண்டும் என்று நினைக்கிறோம்.

700 டாலருக்கு வாங்கப்பட்ட தாய்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற சிற்றூர். அங்கே மோசஸ் கார்வர் என்ற வெள்ளை விவசாயி 1855இல் மேரி என்ற கறுப்பினச் சிறுமியை 700 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கினார். அந்த மேரியின் மகன்தான் ஜார்ஜ். பிறந்தது 1864 வாக்கில். சரியான நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. மாடு கன்று ஈன்ற நாளைக் குறித்து வைப்பவர்கள்கூட அடிமை வீட்டில் பிள்ளை பிறந்த நாளைக் குறித்து வைத்ததில்லை. பிறந்த தேதி தெரியாமல், பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதியோடு வாழ்ந்து முடித்த நம் பாட்டன் பாட்டிகளை நினைத்தால் இதன் பொருள் நமக்கு விளங்கும்.

உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. இரவில் வந்த கொள்ளையர் கைக்குழந்தையான ஜார்ஜையும் தாயையும் கடத்திப் போனார்கள். மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது, தாய் கிடைக்கவில்லை. குழந்தையை மீட்டு வந்தவருக்குக் கூலியாக ஒரு பந்தயக் குதிரை கொடுக்கப்பட்டது. தாயின் முகத்தை ஜார்ஜ் நினைவறிந்து பார்த்ததே இல்லை. அவள் நூற்ற ராட்டையைக் கடைசிவரை தன்னிடம் வைத்திருந்தார்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அண்ணன் ஜேம்ஸையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. கடுமையான வயல்வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. சமையல், தையல், துணி வெளுப்பு, தோட்டம் என்று சூசனோடு வீட்டு வேலைகளைக் கற்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் சூசன்தான். மற்ற நேரமெல்லாம் காட்டில் செடி கொடிகளோடு கழிந்தது. வாடிய செடியைத் தேற்றத் தெரிந்த பையன் என்று அக்கம்பக்கத்தில் பேர் வாங்கினார்.

பள்ளியைத் தேடி நடந்த கால்கள்

அந்த ஊர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். சில மைல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் அவர்களுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்தில் ஜார்ஜ் தனியாக அங்கே நடந்து போனார். மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, பிரசவம் பார்ப்பவர், துணி வெளுத்தும் பிழைத்தவர், அவருக்கு இடம் கொடுத்தார். உன் பெயர் என்ன என்று அவர் கேட்டபோது, கார்வருடைய ஜார்ஜ் என்று பையன் சொன்னான். அப்படிச் சொல்லக்கூடாது, இனி உன் பெயர் ஜார்ஜ் கார்வர் என்று அந்த அம்மையார் திருத்தினார். இன்னார் வீட்டு ஆள், இன்னார் பண்ணையாள் என்று மட்டுமே அறியப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு, அந்த ஒரு திருத்தம் எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

நியோஷோ பள்ளியில் படிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அடுத்து கான்சாஸ் மாநிலத்துக்குப் போனார். சமையல் வேலையும் சலவை வேலையும் செய்துகொண்டே படித்தார். ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் 1879இல் ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் இழுத்துப்போய்க் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். உடனே அந்த ஊரைவிட்டு வெளியேறினார். அந்தக் காட்சி ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை.

வேறோர் ஊரில் உயர்நிலைப் படிப்பை முடித்து, ஹைலண்ட் என்ற ஊரின் கல்லூரிக்குத் தபாலில் விண்ணப்பித்தார். இடம் உண்டு என்று பதில் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு நேரில் போய் நின்றபோது, கறுப்பர் என்று தெரிந்ததும் இடம் இல்லை என்றார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துத் திறந்த கதவு, முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

அதன்பின் கான்சாஸின் வறண்ட சமவெளியில் கொஞ்சம் நிலம் பிடித்து, புல்மண் கட்டிகளை அடுக்கி வீடு கட்டி, தனியாளாகச் சாகுபடி செய்து பார்த்தார். 1890இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்தது ஓவியம். உடன் படித்த மாணவர்களின் துணிகளை வெளுத்து வயிற்றைக் கழுவினார். செடிகளை அவர் வரைந்த நுட்பத்தைப் பார்த்த ஓவிய ஆசிரியை எட்டா பட், தன் தந்தை தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரிக்குப் போகும்படி அவரைத் தூண்டினார். 1891இல் அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராக கார்வர் சேர்ந்தார். மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முதலில் அவரை விடவில்லை. பண்ணைக் கூலியாட்களோடு கீழ்த்தளத்தில் சாப்பிட வைத்தார்கள். அங்கேதான் 1894இல் இளங்கலைப் பட்டமும் 1896இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின ஆசிரியரும் அவரே. ஆசிரியர் வீட்டுச் சிறுவன் ஒருவனைச் செடி பார்க்கக் கூட்டிப் போவார். அந்தச் சிறுவன் ஹென்றி வாலஸ் பின்னாளில் அமெரிக்காவின் துணை அதிபரானார்.

வசதியை விட்டு வந்தவர்

ஏம்ஸில் அவருக்கு நல்ல ஆய்வுக்கூடமும் மதிப்பும் இருந்தன. அங்கேயே இருந்திருக்கலாம். அந்த நேரத்தில்தான் தெற்கே அலபாமாவிலிருந்து புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பு வந்தது. அவரும் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பின இளைஞர்களுக்காக டஸ்கீகி என்ற ஊரில் 1881 முதல் ஒரு கல்வி நிலையத்தை நடத்தி வந்தார். செங்கல் அறுப்பது முதல் கட்டடம் எழுப்புவது வரை மாணவர்களே செய்து வளர்த்த நிலையம் அது. அதன் வேளாண் துறையை நடத்த 1896இல் கார்வர் போனார். மீதி 47 ஆண்டுகளையும் அங்கேயே வாழ்ந்தார்.

போய்ச் சேர்ந்தபோது ஆய்வுக்கூடம் என்று எதுவும் இல்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனார். பழைய புட்டிகள், உடைந்த விளக்கு, கம்பி என்று பொறுக்கி வந்து ஆய்வுக் கருவிகளாக மாற்றினார். அடுத்த ஆண்டு அலபாமா அரசு டஸ்கீகியில் ஒரு வேளாண் ஆய்வு நிலையம் அமைக்கச் சட்டம் போட்டு, ஆண்டுக்கு 1,500 டாலர் ஒதுக்கியது. அதே மாநிலத்தில் வெள்ளையருக்கான ஆபர்ன் கல்லூரியின் ஆய்வு நிலையத்துக்கு மத்திய அரசிடமிருந்து வந்த நிதி மட்டும் ஆண்டுக்கு 15,000 டாலர். பத்தில் ஒரு பங்குப் பணத்தில் வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஒதுக்கீடு காகிதத்தில் சமமாக இருக்கும், கைக்கு வரும்போது தேய்ந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அங்கே காகிதத்திலேயே சமம் இல்லை.

காசில்லாதவருக்கான வேளாண்மை

அலபாமாவின் கறுப்பின உழவர்களின் நிலையை இங்கே சொல்ல வேண்டும். அடிமை முறை ஒழிந்ததே தவிர, நிலம் கைக்கு வரவில்லை. பழைய எசமானர்களின் நிலத்தையே வாரத்துக்கு எடுத்து உழுதார்கள். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. விதை, உணவு, துணி எல்லாம் அவருடைய கடையிலோ வணிகரிடமோ கடனுக்கு. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். கடனுக்கு ஈடாகப் பருத்தி மட்டுமே போட வேண்டும். வாசற்படி வரை பருத்தி. ஆண்டுக்கணக்கில் பருத்தியே போட்டதில் மண் செத்துப்போனது. மக்களும் பன்றிக் கொழுப்பும் சோள மாவும் வெல்லப்பாகும் தின்று சத்தில்லாமல் நோயில் விழுந்தார்கள்.

உரம் வாங்கிப் போடு, நல்ல கலப்பை வாங்கு என்று ஏட்டில் உள்ளதை அவர்களிடம் சொல்வது கேலி செய்வதற்குச் சமம் என்பதை கார்வர் விரைவில் புரிந்துகொண்டார். கையில் ஒரு காசும் இல்லாதவர் என்ன செய்ய முடியும் என்பதையே தன் ஆய்வுக்குரிய கேள்வியாக ஆக்கினார். அவருடைய பெருமை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காட்டில் உதிர்ந்து மக்கும் இலை, சதுப்பு நிலத்தில் படிந்த கருமண் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும் உரம் என்று காட்டினார். ஏரி வண்டலையும் தழையையும் வயலில் கொட்டிய நம் முன்னோருக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் பருத்திப் பண்ணைகளில் அது பழக்கத்தில் இல்லை. பருத்தி போட்ட நிலத்தில் காராமணி, நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று மாற்றிப் போடச் சொன்னார். காராமணி, கடலை போன்ற பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. மண்ணுக்கு உரம், வீட்டுக்கு உணவு, மாட்டுக்குத் தீவனம் என மூன்றும் ஒரே பயிரில் கிடைத்தன.

இவற்றையெல்லாம் சிறு சிறு கையேடுகளாக எழுதினார். 1898 முதல் அவர் இறந்த 1943 வரை மொத்தம் 44 கையேடுகள். தேய்ந்த மண்ணைத் தேற்றுவது பற்றி 1905இல் ஒன்று. கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளை வைத்துத் தோட்டம் போடுவது பற்றி 1910இல் ஒன்று. ஊரில் கிடைக்கும் நிறக் களிமண்ணைக் கொண்டு வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவது பற்றி 1911இல் ஒன்று. காசு கொடுத்துச் சாயம் வாங்க முடியாதவரின் வீடும் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். நிலக்கடலையைப் பயிரிடும் முறையையும் 105 சமையல் வகைகளையும் சொல்லும் புகழ்பெற்ற கையேடு 1916இல் வந்தது. உழவருக்கு ஒரு பகுதி, ஆசிரியருக்கு ஒரு பகுதி, சமைக்கும் பெண்களுக்கு ஒரு பகுதி என்று எளிய மொழியில் எழுதினார்.

வாசலுக்கு வந்த பள்ளி

கையேட்டைப் படிக்க எழுத்து தெரிய வேண்டுமே. பெரும்பாலோருக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை உழவர்களை டஸ்கீகிக்கு வரவழைத்துச் செயல்விளக்கம் காட்டினார். வேலை குறைந்த குளிர்காலத்தில் கட்டணமில்லாத குறுகியகால வகுப்புகளை 1904 முதல் நடத்தினார்கள். அதற்கும் வர முடியாதவர்கள் உண்டு. அவர்களைத் தேடி, வார இறுதிகளில் விதையும் கருவிகளும் ஏற்றிய சிறு வண்டியில் கார்வரே ஊர் ஊராகப் போனார்.

அந்தச் சிறு வண்டிதான் 1906இல் பெரிய வண்டியானது. மோரிஸ் ஜெசப் என்ற நியூயார்க் வங்கியாளர் பணம் கொடுத்தார். வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கார்வர் திட்டம் போட்டார். டஸ்கீகியிலேயே கட்டினார்கள். கலப்பைகள், விதைக் கருவிகள், மோரிலிருந்து வெண்ணெய் எடுக்கும் கருவி, பாலைச் சோதிக்கும் கருவி, விதைகள் என்று எல்லாம் அதில் இருந்தன. ஜெசப் வண்டி என்று அதற்குப் பெயர். முதல் கோடையில் மாதத்துக்கு இரண்டாயிரம் பேருக்குமேல் அதைப் பார்த்துக் கற்றார்கள். டஸ்கீகியில் படித்த இளைஞர் தாமஸ் கேம்ப்பெல் அதே ஆண்டில் வண்டியின் பொறுப்பை ஏற்றார். அமெரிக்க அரசின் முதல் கறுப்பின வேளாண் விரிவாக்க அலுவலர் அவர்தான்.

ஓர் ஊருக்கு வண்டி வந்தால் யாராவது ஒருவரின் வயலில் நிறுத்துவார்கள். அக்கம்பக்கத்து உழவர்கள் கூடுவார்கள். அந்த வயலிலேயே உழுது காட்டி, விதைத்துக் காட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள். மீண்டும் வந்து விளைச்சலைப் பார்ப்பார்கள். பின்னாளில் வண்டி மோட்டார் வாகனமானது. செவிலியரும் வீட்டுப் பொருளாதாரம் கற்பிக்கும் பெண்களும் உடன் சென்றார்கள். நாடு முழுவதற்குமான வேளாண் விரிவாக்கச் சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தது 1914இல். அதற்கு எட்டாண்டு முன்பே டஸ்கீகி வண்டி ஓடத் தொடங்கிவிட்டது.

எட்டாத இடம்

கார்வரைத் தெய்வமாக்கிப் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. அவர் செய்ததையும் அவரால் முடியாததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது தவறு. அவர் பட்டியலிட்ட நூற்றுக்கணக்கான பொருள்களில் மிகச் சிலவே சந்தைக்கு வந்தன. நிர்வாகத்திலும் அவர் சோடை போனார். கோழிப்பண்ணை சரியாக நடக்கவில்லை என்று வாஷிங்டனிடம் பலமுறை கண்டனம் வாங்கினார்; கோபித்துக்கொண்டு விலகுவதாகக் கடிதமும் எழுதினார்.

இன ஒதுக்கலை அவர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசியதில்லை என்பது அவர்மீது இன்றுவரை உள்ள விமர்சனம். அதில் நியாயம் உண்டு. அவர் வாழ்ந்த சூழலையும் பார்க்க வேண்டும். 1902இல் அலபாமாவின் ரேமர் என்ற ஊருக்கு, கறுப்பினப் பள்ளியைப் படமெடுக்க ஒரு வெள்ளைப் பெண் புகைப்படக் கலைஞர் வந்தார். கறுப்பின ஆசிரியர் ஒருவர் அவரை வண்டியில் ஏற்றிச் சென்றார் என்பதற்காக வெள்ளையர் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். அந்தப் பெண்ணைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்ப உதவிவிட்டு, கும்பலிடம் சிக்காமல் இருக்க கார்வர் இரவில் நெடுநேரம் நடந்தே தப்பினார். அந்த ஆசிரியர் ஊரைவிட்டே போக நேர்ந்தது. பட்டமும் பதவியும் அவர்களைக் காக்கவில்லை.

1921இல் வெளிநாட்டுக் கடலைமீது இறக்குமதி வரி போடுவது பற்றிப் பேச அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார். கொடுத்தது பத்து நிமிடம். தர்பூசணியைச் சொல்லி அவர் இனத்தைக் கேலி செய்தார் ஓர் உறுப்பினர். கார்வர் நிதானம் இழக்கவில்லை. தான் செய்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். கேட்டவர்கள் நேரத்தை நீட்டித்துக்கொண்டே போனார்கள், முடிவில் கைதட்டினார்கள். நாடறிந்த மனிதரானது அதன் பிறகுதான். அடுத்த ஆண்டு கடலை இறக்குமதி வரி உயர்ந்தது. ஆனால் அந்த வரியால் ஆதாயம் அடைந்தவர்களில் நிலம் வைத்திருந்த வெள்ளையரே அதிகம் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்யும் உரிமை உழுதவரிடம் இல்லை. நிலக்காரர் பருத்தி போடு என்றால் பருத்திதான். பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு அலபாமாவில் பரவி விளைச்சலை அழித்த பிறகுதான் நிலக்காரர்களே கடலைக்கு மாறினார்கள். கார்வரின் படிப்பினை வாரதாரரின் வீட்டுத் தோட்டம்வரை தடையின்றிப் போனது. பயறும் கிழங்கும் கீரையும் பல குடும்பங்களின் பசியைத் தணித்தன. நிலக்காரரின் வயல் வரப்பில் அது நின்றுவிட்டது. அறிவு வாசலுக்கு வந்தது, நிலம் வரவில்லை. பஞ்சமி நிலத்துக்காக இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு இந்த வரப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

விட்டுச் சென்றது

கார்வர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர் விடுதியில் தங்கி, பழைய கோட்டில் தினம் ஒரு பூவோ தளிரோ செருகிக்கொண்டு காலையில் காட்டுக்குள் நடந்தார். படித்துவிட்டுப் போன மாணவர்களைத் தன் பிள்ளைகளாக நினைத்து ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார். 1940இல் தன் பெயரில் ஓர் ஆய்வு அறக்கட்டளை தொடங்கி, வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அதற்கே கொடுத்தார். அந்தத் தொகை ஏறத்தாழ 60,000 டாலர். 1943 ஜனவரி 5 அன்று இறந்தார். டஸ்கீகியில் புக்கர் டி. வாஷிங்டனின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டில் அவர் பிறந்த டயமண்ட் பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. ஒரு கறுப்பின மனிதருக்கு அந்த நாடு அறிவித்த முதல் தேசிய நினைவிடம் அதுதான். தாயை 700 டாலருக்கு வாங்கிய அதே மண்.

நம் தெருப் பிள்ளைகளில் வேளாண் பட்டம் படிப்பவர்கள் இப்போது உருவாகி வருகிறார்கள். சேற்றில் இறங்கிய பரம்பரை சேற்றைவிட்டு ஏறினால் போதும் என்று பெற்றோர் நினைப்பதில் தவறில்லை. அந்தச் சேறு கூலியையும் வசவையும் தவிர வேறெதையும் அவர்களுக்குக் கொடுத்ததில்லை. ஆனால் மண்ணைப் பற்றிய படிப்பும் அதிகாரமும் நம் கைக்கு வருவது வேறு, பண்ணையில் மாடாய் உழைப்பது வேறு. கார்வர் அந்த வேறுபாட்டை வாழ்ந்து காட்டினார்.

வேளாண் படிப்பை முடித்து வரும் தம்பி தங்கைகளிடம் நாம் கேட்பது இதுதான். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு மானியம் வந்திருக்கிறது, விதை வந்திருக்கிறது என்ற செய்தி நம் தெருவுக்குக் கடைசியாக வருகிறது. சில நேரம் வருவதே இல்லை. பட்டா இல்லாதவர், குத்தகைக்கு உழுபவர், இரண்டு ஆடு மட்டும் வைத்திருக்கும் பெண் ஆகியோரின் வாசலில் போய் நின்று, அவர்கள் கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கார்வர் தொடங்கியது அங்கேதான். அவர் கால் நின்றுபோன வரப்பையும் மறந்துவிடாதீர்கள். அதைத் தாண்ட வேண்டிய வேலை நம்முடையது.